உப்புப் பாராத தளிகை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸ்ரீவைஷ்ணவத் திருமாளிகைகளில் தளிகை செய்கிறவர்கள் உப்புப் பார்ப்பதில்லை. சாற்றமுது நுரைத்துப் பொங்கும்போது அதன் மணத்தை ஆசையோடு முகர்வதும் கூடாதென்று முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்ளும் பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கைக்கணக்குத்தான் கணக்கு. எம்பெருமான் அமுது செய்தருளி, தீர்த்தம் ஸாதித்து, இலையில் பரிமாறி, முதல் கவளம் வாயில் போன பிறகுதான் அன்றைய குழம்பில் உப்பு இருக்கிறதா, இரட்டித்துவிட்டதா என்பது தெரியவரும். அதற்குள் அவன் அமுது செய்து முடித்துவிட்டான்!

வெளிதேசங்களில் வளரும் நம் குழந்தைகள் இதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். வீட்டுக்கு வருகிற விருந்தினருக்குச் சமைத்தால் சுவை பார்த்துச் சரிசெய்துதானே பரிமாறுகிறோம், பெருமாளுக்கு மட்டும் ஏன் பாராமல் கொடுக்கிறோம் என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. நாம் சுவைத்தால் அது நம் சேஷமாகிவிடும், நம் எச்சிலை அவனுக்கு இடலாகாது என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். அது சரியான விடையே. ஆயினும் அங்கே விஷயம் முடிவதில்லை. உணவின் இன்பம் யாருக்கு உரியது? அதை நாம் அடையலாமா? அடையலாமென்றால் எந்த வழியில்? உப்புப் பாராமை என்னும் சிறிய ஆசாரத்துக்குள் இவ்வளவும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

உணவின் சுவையைப் பற்றிப் பேசுவதே ப்ரபந்நனுக்கு ஏற்றதன்று என்பர் சிலர். அவர்களோடு நம்மால் முழுதும் உடன்பட முடியவில்லை. ஆவி பறக்கும் சாதத்தில் ஒரு கரண்டிப் பருப்பு, அதன்மேல் உருக்கிய நெய், பக்கத்தில் சுட்ட அப்பளம். அல்லது சித்திரை வெயிலில் குழையப் பிசைந்த மோர்சாதமும் ஒரே ஒரு மாவடுவும். இவற்றில் இன்பமில்லை என்று சொல்பவர் ஒன்று உண்மையை மறைக்கிறார், அல்லது அவருக்கு ஜுரம். திருப்பாவையையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பு தொடங்கிய ஆய்ச்சியர், 27ஆம் பாசுரத்தில் முழங்கைவரை நெய் ஒழுகும் அக்காரவடிசிலோடு நிற்கிறார்கள். அங்கே வியாக்யாதாக்கள் நெய்யின் அளவைப் பேசி நின்றுவிடுவதில்லை. பசி தீர்வது பயனன்று, பிரிந்து வருந்தியவர்கள் கூடியிருப்பதே பயன் என்று காட்டுகிறார்கள். முதலில் நெய் விலக்கப்பட்டது அது தீயது என்பதாலன்று. அவன் இல்லாமல் உண்ண மனமில்லாமையால் விலக்கப்பட்டது. அவன் வந்ததும் நெய்யும் வந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கைங்கர்யம் செய்கையில் 'இது எனக்கு இனிது' என்ற எண்ணம் தலைதூக்குமானால் அது பயிருக்குள் முளைத்த களை என்று பூர்வாசார்யர்கள் கருதினர். அப்படியானால் மகிழ்ச்சியே கூடாதா? கல்லைப்போல் இருந்துவிட வேண்டுமா? இதற்கு விடை குலசேகரப் பெருமாளிடம் இருக்கிறது. திருவேங்கடமுடையான் சந்நிதியில் படியாகக் கிடக்க ஆசைப்பட்டவர் அவர். கிடந்தபடியே அவன் திருமுகத்தைக் காணவும் ஆசைப்பட்டார். படி கல், கல்லுக்குக் கண் ஏது? தனக்கென்று ஒன்றுமில்லாமையில் அசேதனம்போல் இருக்க வேண்டும், ஆனால் அவன் மகிழ்வதைக் கண்டு மகிழும் சைதந்யம் இருக்க வேண்டும் என்று நம்மவர் இதற்குப் பொருள் காண்பர். தளிகைக்கும் இதுவே பொருந்தும். உப்புப் பாராத வரையில் சமைப்பவள் படி. பரிமாறிவிட்டு உண்பவர் முகத்தைப் பார்க்கும்போது அவளுக்குக் கண் திறக்கிறது. உணவில் நமக்கு விதிக்கப்பட்ட இன்பம் நாக்கில் தொடங்குவதன்று, பிறர் முகத்தில் தொடங்கி நம் நாக்குக்கு வருவது என்று சொல்லலாம்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருவிண்ணகரில் எம்பெருமானே இதைச் செய்துகாட்டியிருக்கிறான். மார்க்கண்டேய மஹர்ஷியின் திருமகளாக வளர்ந்த பூமிப்பிராட்டியைக் கிழவேடத்தில் வந்து பெண் கேட்டான். என் பெண் சிறியவள், பக்குவமாக உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள் என்று மஹர்ஷி தட்டிக்கழிக்கப் பார்த்தார். உப்பில்லாமலே உண்கிறேன் என்று அவன் இசைந்துவிட்டான். இன்றும் அங்கே திருவமுதில் உப்புச் சேர்ப்பதில்லை. நம்மாழ்வார் ஒப்பற்றவன் என்று பாடிய ஒப்பிலியப்பன் பேச்சுவழக்கில் உப்பிலியப்பன் ஆனான் என்பர் தமிழாராய்ந்தோர். ஆகட்டும், இரண்டு பெயரும் ஒரே குணத்தைத்தான் சொல்லுகின்றன. சமைப்பவள் சுவை பாராமல் கொடுக்கிறாள். உண்பவன் சுவை கேளாமல் ஏற்கிறான். இருவரும் ஒருவருக்காக ஒருவர் உப்பை விட்டவர்கள்.

சபரி கடித்துப் பார்த்துக் கொடுத்தாளே, ஆண்டாள் சூடிப் பார்த்துக் கொடுத்தாளே, அதற்கு என்ன சொல்வது என்று கேட்பவர் உண்டு. சபரி பழத்தைக் கடித்த கதை வால்மீகியில் இல்லை. எனினும் உலகம் விரும்பிச் சொல்லும் கதை, தள்ளிவிட வேண்டாம். அவள் கடித்தது எந்தப் பழம் தனக்கு இனிது என்று பார்க்கவா? கோதை கிணற்று நீரில் நிழல் பார்த்தது தன் அழகை ரசிக்கவா? அவனுக்கு இது தகுமா என்பதே இருவர் கவலையும். அந்தக் கவலை அந்த அளவுக்கு முற்றினவர்களுக்கு விதி வேறு. நமக்கு முற்றவில்லை. ஆதலால் நாம் கைக்கணக்கோடு நிற்பதே நல்லது.

உப்பு என்றதும் சோழநாட்டாருக்கு நினைவில் எழும் ஊர் வேதாரண்யம். திருமறைக்காடு என்று சைவர் கொண்டாடும் அந்த ஊர் நம் திவ்யதேசங்களுள் ஒன்றன்று. ஆயினும் அதற்குத் தெற்கே கோடியக்கரைக் காட்டில், ஒரு மேட்டின்மேல் ராமர் பாதம் இருக்கிறது. சக்ரவர்த்தித் திருமகன் அங்கே நின்று இலங்கைத் திசையை நோக்கினான் என்பர் அப்பக்கத்தார். ஊருக்கும் காட்டுக்கும் இடையே அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். உணவைப் பகிர்வதற்கு ஓர் அரசு தண்டனை விதித்த வரலாறு இந்த உப்பளங்களோடு சேர்ந்தது.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் இல்லத்திலிருந்து வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் ராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற பெயரில் எழுதிய அதே ராஜாஜிதான். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல். ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்து, 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளிக் கைதானார். ஊரில் அவர்களுக்குத் துணைநின்றவர் வேதரத்தினம் பிள்ளை. இவ்வளவும் பள்ளிப் புத்தகத்தில் உள்ளது. நாம் சொல்ல வந்தது வழியில் நடந்ததை.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராயிருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவருக்கு ஆறு மாதச் சிறையும் அபராதமும் உண்டென்று அவர் ஜில்லா முழுவதும் அறிவித்தார். உப்புக்கு வரி போட்ட அரசு சோற்றுக்குத் தடை போட்டது. வருகிற அதிதிக்கு இலை போடாவிட்டால் தானும் உண்ணக் கூசும் நாடு அது. என்ன செய்தார்கள்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். காவிரிக்கரையில் பெரிய பாத்திரங்களில் சோற்றை வைத்துப் புதைத்து, தொண்டர்கள் இளைப்பாறும்போது இடத்தை மட்டும் காட்டச் செய்தார்கள். கொடுத்தவர் பெயர் உண்டவருக்குத் தெரியாது. உண்டவர் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது. எந்த வீட்டு அடுப்பு, யார் கைமணம் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் பலர், பெயர் தெரியாமல் கொடுத்ததே தானங்களில் உயர்ந்தது என்று அதற்கு முதலிடம் தருவர். அங்கேதான் நாம் சற்று வேறுபடுகிறோம். மறைத்துக் கொடுத்தது அவர்களுடைய விருப்பமன்று, தடையின் விளைவு. ஒளித்து வைத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது என்ன நினைத்திருப்பார்கள்? நாலு பேரை இலைபோட்டு உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுப் பரிமாற முடியவில்லையே என்ற ஏக்கமன்றி வேறென்ன இருந்திருக்கும்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அந்த ஏக்கத்தைப் பொறுக்கவில்லை. தம் இல்லத்திலேயே வெளிப்படையாகத் தொண்டர்களை வைத்து விருந்திட்டார். அதற்காகச் சிறையும் சென்றார். உண்பவர் முகத்தைக் காண்பதற்கு அவர் கொடுத்த விலை அது. மரத்தில் கட்டியவர்களையும் நாம் வணங்குகிறோம், இவரையும் வணங்குகிறோம். ஆனால் ஒருவர் செய்தது மற்றவர் செய்ய விரும்பியது என்பதை மறந்துவிடலாகாது.

காணாமல் கொடுத்ததற்கு நம் சம்ப்ரதாயத்திலேயே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அதே நாகை மாவட்டத்தில் உள்ள திருக்கண்ணபுரத்தில் இரவு வேளையில் சௌரிராஜப் பெருமாள் அமுது செய்தருளும் பொங்கலுக்கு முனியோதரையன் பொங்கல் என்று பெயர். முனியோதரையன் என்னும் பாகவதன் அரசனுக்குச் சேரவேண்டிய வரிப்பணத்தைக் கோயில் கைங்கர்யத்தில் செலவிட்டுச் சிறைப்பட்டான் என்பர். (40 ஆண்டு கணக்கேடுகளோடு வாழ்ந்த நமக்கு இந்த இடத்தில் மட்டும் கை எழுத மறுக்கிறது. பெருமாளே அரசன் கனவில் தோன்றி அவனை விடுவித்தானாம்; தணிக்கைக்கு மேல் தணிக்கை உண்டு போலும்.) விடுபட்டு வீடு சேர்ந்தபோது அர்த்தஜாமம். கோயில் நடை சாத்தியாகிவிட்டது. உண்ணாமல் காத்திருந்த பத்தினி இருந்த அரிசியையும் பருப்பையும் நெய்யையும் கொண்டு பொங்கல் செய்தாள். பெருமாளுக்கு ஆகாமல் உண்பது எப்படி? இருந்த இடத்திலிருந்தே மனத்தால் அதை நிவேதித்தான். மறுநாள் காலை கதவைத் திறந்த அர்ச்சகர், கருவறையில் பொங்கலும் நெய்மணமும் இருக்கக் கண்டு திகைத்தார்.

அவனும் எம்பெருமான் திருமுகத்தைக் காணாமல்தான் கொடுத்தான். கதவு சாத்தியிருந்தது. அரண்மனைச் சமையல் அன்று, பல படி அக்காரவடிசில் அன்று. நேரங்கெட்ட நேரத்தில் வீட்டில் இருந்ததைக் கொண்டு செய்தது. அது அவனுக்கு உவந்ததால்தான் இன்றுவரை நடக்கிறது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இன்று ததீயாராதனத்துக்குக் கதவு எதுவும் சாத்தியில்லை, எந்தக் கலெக்டரும் தடுக்கவில்லை. ஆயினும் நாம் காணாமல் கொடுக்கிறோம். நியூஜெர்ஸியிலோ துபாயிலோ இருந்துகொண்டு கைப்பேசியில் இரண்டு முறை தட்டினால் திருநக்ஷத்திரத்தன்று ஐம்பது பேருக்குத் தளிகை நடந்துவிடுகிறது, ரசீதும் வந்துவிடுகிறது. அன்று இரவு அனுப்பியவர் தனியாக, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கியதை உண்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பணம் இல்லையேல் பல கோயில்களில் மடைப்பள்ளி அடுப்பு எரியாது. அக்காலக் கட்டளைகளின் கதி நமக்குத் தெரியும்: 1,000 ரூபாயை நிரந்தர வைப்பாக வைத்து, வட்டியில் ஆண்டுக்கொரு நாள் தளிகை என்று எழுதியவர் உண்டு. 10 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 100 ரூபாய். அன்று அது பெரிய தளிகை. இன்று அதற்கு நல்ல நெய் கால் கிலோவும் வாராது. ஆகவே அனுப்புகிறவர்கள் தாராளமாக அனுப்பட்டும், ஆண்டுதோறும் தொகையைக் கூட்டியும் அனுப்பட்டும். ஆனால் அது பந்தியில் நின்று பரிமாறுவதற்கு ஈடு என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம் என்பதே நம் விண்ணப்பம். பணம் போய்ச் சேர்ந்துவிடும். முகம் போய்ச் சேராது.

பகிர்ந்துண்பதற்கு நம்மில் சிலருக்குத் தடையாய் நிற்பது ஆஹார நியமம். எதை உண்பது, எவரிடத்தில் உண்பது, என்ன நேர்ந்த உணவை விலக்குவது என்று பாஷ்யகாரர் காட்டிய மூவகைத் தோஷங்களும் நமக்குத் தெரியும். அவற்றைத் தளர்த்தச் சொல்ல நாம் வரவில்லை. நியமம் என் இலைக்கு விதித்த விதி. எதிரில் இருப்பவருடைய தகுதியை அளக்கும் கோல் அன்று. தஞ்சமாம்பாள் திருக்கச்சி நம்பிக்கு அமுது படைத்ததில் குறையில்லை. அவர் எழுந்ததும் இடத்தைத் துடைத்து, எஞ்சியதை அப்புறப்படுத்தி, நீராடிப் புதிதாகத் தளிகை செய்தாளே, அதைக் கண்டுதான் உடையவர் நொந்தார். நம்பியுடைய சேஷத்துக்காகவே அவரை அழைத்தவர் அல்லவா? விருந்து நடந்தது, சோறும் போயிற்று; உறவு மட்டும் இலையோடு வெளியே எறியப்பட்டது.

வங்கிப் பணியில் இருந்த காலத்தில் உப்பளக் கடன்களைப் பார்வையிட வேதாரண்யம் பக்கம் நாம் சென்றதுண்டு. கால் வெடித்த மனிதர்கள் பாத்தியில் உப்பை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருப்பார்கள். உச்சிவேளையில் கொட்டகை நிழலில் தூக்குச்சட்டிகள் திறக்கப்படும். ஒருத்தி சோறு கொண்டுவருவாள், ஒருத்தி துவையல், ஒருத்தி வெறும் ஊறுகாய். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் அவர்களுள் மூத்தவள் எம்மையும் சாப்பிட அழைத்தாள். அழைத்தவளே எம் நெற்றியைப் பார்த்து, "நீங்க வெளியில சாப்பிட மாட்டீங்கல்ல சாமி" என்று சொல்லி, யாரையோ ஏவி இளநீர் வெட்டிவரச் செய்தாள். நாம் அதைக் குடித்து முடிக்கும்வரை அவள் தன் சோற்றில் கைவைக்கவில்லை. அவள் எந்த க்ரந்தமும் கேட்டவளல்லள். உண்பவருடைய நியமத்துக்குத் தன் விருந்தை வளைத்துக்கொண்டாள். திருவிண்ணகரில் மாப்பிள்ளை செய்தது இங்கே விருந்திட்டவள் செய்தது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. மாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன; உப்பளங்களில் சேறு புகுந்தது. அந்த நாட்களில் பல கிராமங்களில் தெருநடுவே அடுப்பு மூட்டி, ஒவ்வொரு வீட்டிலும் நனையாமல் தப்பியதைக் கொண்டுவந்து பொதுவில் சமைத்து உண்டார்கள். வெளியூர் லாரிகள் வந்து சேருமுன்னே அந்தச் சோறு பொங்கியாகிவிட்டது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்குப் பெரிய தளிகை இயலாது என்பது தெரிந்ததே. அவர்களுக்கு முனியோதரையன் பொங்கலையே சொல்லுவோம். அரிசி 5 பங்கு, பயற்றம்பருப்பு 3 பங்கு, நெய் 2 பங்கு என்பது அதற்குச் சொல்லும் கணக்கு. நெய் மிகுதியென்று வைத்தியர் கோபிப்பாராகில் பெருமாளுக்கு மட்டும் கணக்குப்படி ஊற்றிவிட்டு நாம் குறைத்துக்கொள்ளலாம். ஏகாதசியல்லாத ஒரு சனிக்கிழமை மாலையில் அரைப்படி பொங்கினால் பெருமாள் அமுது செய்தருளிய பின் நாலு பேர் தாராளமாக உண்ணலாம். அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரையோ, புதிதாக வந்து விடுதியில் அல்லாடும் மாணவனையோ அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம். உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். குறைந்திருந்தால் உண்பவர் சொல்லுவார். இலையோரத்தில் ஒரு சிட்டிகை வைத்தால் போதும்.